மறுப்பும் மறைப்பும்

கருவி ஒன்று ‘இயலாது’ என்று சொன்னால் நமக்குச் சினம் பிறக்கிறது. ‘ஆகட்டும்’ என்று சொன்னால் மனம் குளிர்கிறது. மனிதர்களிடத்தும் நாம் இவ்வாறே நடந்துகொள்கிறோம். இடித்துரைப்பவரை விலக்கிவிட்டு, இசைந்து பேசுபவரை அருகில் அமர்த்திக்கொள்ளும் அரசனைப் பற்றி நம் நீதி நூல்கள் எச்சரித்திருப்பதை யாவரும் அறிவர். ஆயினும் அந்நூல்கள் பேசியவை மனித உறவுகளைப் பற்றியே. உயிரற்ற ஒரு பொறி நம்மை மறுப்பதற்கும், மறுக்காமல் ஏற்றுக்கொண்டு உண்மையை மறைத்துவிடுவதற்கும் அறநோக்கில் வேறுபாடு உண்டா? உண்டெனில், மறுக்கப்பட்டவன் செய்யக் கடமைப்பட்டது யாது? இஃது ஏட்டுச் சுரைக்காய் ஆகிய வினா அன்று. இன்று ஜோகூர் மாநிலத்தில் நம் பிள்ளைகள் பலர் நள்ளிரவு வரை கண்விழித்து, தாம் எதிர்கொள்வது இவ்வினாவைத்தான் என்று அறியாமலே, இதனை எதிர்கொண்டு வருகின்றனர்.

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், மாநிலத்தின் பிற கல்லூரிகளிலும், வீட்டு அறைகளில் தனித்திருந்தும் வலைத்தளம் கட்டக் கற்கும் இளைஞர்களைச் சொல்கிறேன். இக்காலத்தில் எவரும் வெறும் மண்ணிலிருந்து வலைத்தளம் எழுப்புவதில்லை. அதற்கெனச் ‘சட்டகங்கள்’ உள்ளன. 2005-ஆம் ஆண்டில் பொதுவுக்கு வந்த ஜாங்கோ அத்தகையது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் சிறு நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் அது பிறந்தது. 2011-இல் வந்த லாராவெல் மற்றொன்று. இவற்றின் முதற்பாடம் இனியது. நான்கு கட்டளைகள் இட்டதும் திரையில் வரவேற்புப் பக்கம் தோன்றும். கற்பவன் தன்னை ஒரு தச்சனாகவே எண்ணிக்கொள்வான். தரவுத்தளத்தை இணைக்கும் பாடம் வந்தவுடன் அந்த மகிழ்ச்சி குலைகிறது. ஒரு வரி சிவப்பு எழுத்து. அதன்பின் முப்பது வரி. மூன்று நாள் கழித்தும் அதே சிவப்பு. தமக்குக் கணினி ஒத்துவராது என்று முடிவுகட்டிப் பலர் விலகுவது இந்த இடத்தில்தான்.

தரவுத்தளம் என்பது யாது? 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார், செய்திகளை வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் வைத்து, அட்டவணைகளைத் தம்முள் உறவுபடுத்தும் முறையை வகுத்தளித்தார். கேட்பதற்குப் புதுமையாக இருப்பினும், அட்டவணையால் ஆளப்படுவது ஜோகூர்த் தமிழனுக்குப் புதிதன்று. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் நின்று தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டவன் அவன். கிராணியாரின் செக்ரோல் ஏட்டில் குறி விழுந்தால்தான் அன்றைய கூலி. ஏட்டில் இல்லாதவன், வெட்டுக்கு வந்திருந்தாலும் வராதவனே. நம் பாட்டன்மார் அறிந்த முதல் தரவுத்தளம் அதுவெனலாம். அந்த ஏட்டைக் கையாண்டவர், ஐயம் ஏற்பட்டபோது நிறுத்திக் கேட்டாரா, அல்லது தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாரா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் நிலை மாறியது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவதொன்று என்று அலையும் குடும்பங்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். எழுதிய நாளில் யாரும் யாரையும் மறுக்கவில்லை. எல்லாம் இணக்கமாகவே முடிந்தது. துன்பம் பேரனுக்கு வந்தது.

இனிப் பொறியின் மறுப்பைச் சற்று உற்று நோக்குவோம். கற்பவன் எல்லாச் சிவப்பு எழுத்தையும் ஒன்றாகவே காண்கிறான். உண்மையில் அவை ஒன்றல்ல. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 5432 என்னும் வாயிலிலும், மைஎஸ்கியூஎல் 3306 என்னும் வாயிலிலும் காத்திருப்பது வழக்கம். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று செய்தி வந்தால், அவ்வாயிலில் ஆளே இல்லை என்பது பெரும்பாலும் அதன் பொருள். தரவுத்தளம் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ‘நுழைவுரிமை இல்லை’ என்று வந்தால், ஆள் இருக்கிறார், நம்மை அறியவில்லை. பெயரோ கடவுச்சொல்லோ தவறு. ‘அப்பெயரில் தரவுத்தளம் இல்லை’ என்று வந்தாலோ, ஆளும் இருக்கிறார், நம்மையும் அறிந்துகொண்டார், நாம் கேட்ட அறைதான் அவ்வீட்டில் இன்னும் கட்டப்படவில்லை. ஆகவே முதற் செய்தியிலிருந்து மூன்றாம் செய்திக்கு வந்துவிட்டவன் தோற்றவன் அல்லன்; இரண்டு கதவு கடந்தவன். ஆனால் அவன் அதனை அறிவதில்லை. ‘பிழை’ என்னும் முதற்சொல்லோடு படிப்பதை நிறுத்திவிடுகிறான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மைஎஸ்கியூஎல்லிடம் லினக்ஸ் போன்ற பொறிகளில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் பெயரால் சென்றால் அது உள்வழியாக வரவேற்கும், 127.0.0.1 என்னும் எண்ணால் சென்றால் தெருவாசல் வழியாக வரவேற்கும். இரண்டும் ஒரே பொறியைக் குறிப்பனவே. எனினும் ஒன்றில் திறப்பது மற்றதில் திறவாமல் போகக்கூடும். இதனை அறியாதவன், நேற்று ஓடியது இன்று ஓடவில்லையே என்று பேய் பிடித்தாற்போல் அலைவான். பொறிக்குப் பேய் பிடிப்பதில்லை. அது சொன்னதைச் சொன்னபடியே செய்கிறது. நாம் சொன்னது இன்னதென்று நமக்குத்தான் தெரியவில்லை.

மறுப்பின் இயல்பு இதுவென்றால், மறைப்பின் இயல்பு எத்தகையது? மைஎஸ்கியூஎல் தன் பழைய பதிப்புகளில் மிகவும் இணக்கமான கருவியாக இருந்தது. 127-க்கு மேல் கொள்ளாத சிறு எண்பத்தியில் 300 என்னும் எண்ணை இட்டால், இயலாது என்று சொல்லாமல் 127 என்று எழுதிக்கொள்ளும். பிப்ரவரி 31 என்னும் தேதியைக் கொடுத்தால், எல்லாம் சுழியமான ஒரு தேதியை எழுதிக்கொள்ளும். இருபது எழுத்துப் பத்தியில் நீண்ட பெயரை இட்டால், வாலை நறுக்கிவிட்டு வைத்துக்கொள்ளும். எச்சரிக்கை என்று ஒன்றை ஓரத்தில் குறித்து வைக்கும்; கேட்டால்தான் காட்டும். 2015-இல் வந்த 5.7-ஆம் பதிப்பில்தான் கண்டிப்பான முறை இயல்பாக்கப்பட்டது. முந்நூறு கிலோ பாலை நிறுத்துக் கொடுத்தவனுக்கு 127 என்று எழுதிவிட்டுப் புன்னகை செய்யும் கிராணியாரை நாம் நல்லவர் என்போமா?

தமிழ் எழுத்து இதனால் பட்ட பாடு தனி. அத்தரவுத்தளம் நெடுங்காலம் மேலை ஐரோப்பிய எழுத்துகளையே தன் இயல்பான எழுத்துமுறையாகக் கொண்டிருந்தது. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் உலக எழுத்துகள் யாவும் அடங்கும் முறை இயல்பாயிற்று. பழைய முறையில் அமைந்த பத்தியில் ‘முருகையன்’ என்னும் பெயரை இட்டால் என்ன நேரும்? நாம் எண்ணுவது ஐந்து எழுத்து. ஒருங்குறியில் உகரக் குறியும் ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் ஆதலால் ஒன்பது. எனவே ஏட்டில் விழுவன ஒன்பது கேள்விக்குறிகள். பெயர் கெட்டது என்றுகூடச் சொல்ல இயலாது. அங்கே பெயரே இல்லை. எந்த வித்தகராலும் அக்கேள்விக்குறிகளை மீண்டும் பெயராக்க முடியாது. முருகையனையே தேடிச் சென்று கேட்க வேண்டும். கண்டிப்பான முறையோ, ‘இவ்வெழுத்துகள் இப்பத்திக்கு ஒவ்வா’ என்று முதற்பெயரிலேயே நிறுத்திவிடும். கற்பவன் சபிப்பான். ஆனால் ஆயிரம் முருகையன்கள் பிழைப்பர்.

இவ்வளவில் மறுப்பே அறம், மறைப்பே மறம் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. எதிர்வாதத்திற்கும் வலிமை உண்டு. இணையத்தின் அடிப்படை நெறிகளை வகுத்தோருள் ஒருவரான ஜான் பாஸ்டல், 1980-ஆம் ஆண்டை ஒட்டிய ஆவணங்களில், பிறருக்கு அனுப்புவதில் கண்டிப்பும், பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்னும் கருத்தைப் பதிவு செய்தார். இணையம் இவ்வளவு விரைவாக வளர்ந்ததில் அத்தாராளத்திற்குப் பங்குண்டு. மேலும், மறுப்பு எல்லார்மீதும் ஒரே கனத்துடன் விழுவதில்லை. ஜோகூர் பாருவில் தனிப்பயிற்சியும் வழிகாட்டும் அண்ணனும் உள்ள மாணவனுக்குச் சிவப்பு எழுத்து ஒரு புதிர். உள்ளூரில் கேட்க ஆளில்லாத, ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு அதே எழுத்து, ‘இது உன் இடமன்று’ என்று சொல்லும் பலகையாகத் தெரியும். பிழைச் செய்தியைப் படிக்காமல் விட்டான் என்று அவனைக் குறை கூறுவோர், அச்செய்தி அவனுக்குப் படிக்கத்தக்கதாக எழுதப்பட்டிருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும். மறுப்பதற்குக் கருவியைச் செய்தவருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லாமல் மறுப்பதற்கு இல்லை.

அன்றியும் மறுப்புகள் யாவும் நேர்மையானவை என்பதற்கில்லை. மலேசிய இந்தியரின் பெயரில் மகனைக் குறிக்கவும் மகளைக் குறிக்கவும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் மலாய்ச் சுருக்கங்கள் சாய்கோட்டுடன் எழுதப்படுவதை நாம் அறிவோம். பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று எண்ணிய எவரோ எழுதிய படிவம், அச்சாய்கோட்டைக் கண்டதும் ‘செல்லாத பெயர்’ என்று சொல்லிவிடும். அடையாள அட்டையில் அரசாங்கமே அச்சிட்டுத் தந்த பெயர் செல்லாது என்கிறது ஒரு பொறி! இங்கு மறுப்பு உண்மையைக் காப்பதாகாது. செய்தவரின் குறுகிய உலகை நம்மீது சுமத்துவதாகும். ஆகவே, ஒரு கருவி மறுக்கிறதா என்பது பாதி வினா. எதன் பொருட்டு மறுக்கிறது என்பது மறுபாதி. இன்று சட்டகம் கற்கும் நம் பிள்ளை, நாளை அத்தகைய படிவத்தை எழுதப்போகிறவன். அவன் எழுதும் விதியில் யார் செல்லும், யார் செல்லாது என்னும் தீர்ப்பு அடங்கியிருக்கும்.

மறுக்கப்பட்டவனிடம் திரும்புவோம். அவன்முன் ஒரு குறுக்குவழி எப்போதும் திறந்திருக்கிறது. காவலன் உள்ளே விடவில்லையா? காவலனையே நீக்கிவிடு. போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் கடவுச்சொல் கேட்காமலே அனைவரையும் உள்ளே விடும். மைஎஸ்கியூஎல்லில் எல்லா உரிமையும் எல்லாருக்கும் வழங்கும் கட்டளை ஒற்றை வரிதான். சிவப்பு மறையும், வரவேற்புப் பக்கம் வரும், பாடம் முடியும். தன் மேசைமேல், தன் பொறியில், போலிப் பெயர்களை வைத்துக் கற்பவன் இவ்வாறு செய்வதில் யாருக்கும் தீங்கில்லை என்பதை ஒப்புக்கொள்வேன். தீங்கு பழக்கத்தில் உள்ளது. மேசைமேல் திறந்த கதவு, வேலைக்குப் போன இடத்திலும் திறந்தே கிடக்கும். 2017 ஜனவரியில், காவலின்றி இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரத்தை மறைந்திருந்தோர் அழித்து, மீட்புப் பணம் கேட்டுச் சீட்டு எழுதி வைத்தனர். அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

அதே ஆண்டு அக்டோபரில், நம் நாட்டுக் கைத்தொலைபேசிப் பயனர்களைப் பற்றிய 46.2 மில்லியன் பதிவுகள் கசிந்திருப்பது வெளிப்பட்டது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 32 மில்லியன். அது கசிந்த வழி வேறு. கற்பவர் எவர்மீதும் அப்பழி இல்லை. ஆனால் தரவுத்தளத்தின் ஒரு வரி என்பது ஒரு மனிதனின் பெயர், எண், முகவரி என்பதை அந்நாளில் நாடே உணர்ந்தது. 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தரவை வைத்திருப்போர் அதனைக் காக்க வேண்டும் என்று வணிகத் துறையினரைக் கட்டுப்படுத்துகிறது. சட்டம் நிறுவனத்தைக் கேட்கும். கதவை எப்படிச் சாத்துவதென்று கற்றுக்கொள்ளாமலே தேர்ச்சி பெற்ற இளைஞனை அது கேட்பதில்லை. அவனைக் கேட்க வேறொன்று வேண்டும்.

குறுக்குவழியினும் கொடியது மற்றொன்று உண்டு, அது ஊகம். இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியை விரிவாகக் கூற விரும்புகிறேன். 2017 ஜனவரி 31 அன்று இரவு, உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லாப் என்னும் நிறுவனத்தில், முதன்மைத் தரவுத்தளத்தின் மறுபடியாக இயங்க வேண்டிய இரண்டாம் பொறி பின்தங்கி நின்றுவிட்டது. அதனை மீண்டும் அமைக்கும் பணியில் ஒரு பொறியாளர் இறங்கினார். அவர் கற்றுக்குட்டி அல்லர். நகலெடுக்கும் கருவி முதலில் யாதும் சொல்லாமல் உறைந்து நின்றது. விளக்கமாகச் செய்தி கூறு என்று கட்டளையிட்டிருந்தும் அது வாய் திறக்கவில்லை. பலமுறை முயன்றபின் ஒரு பிழை சொல்லிற்று, அதைத் திருத்தினர். பின்னர் மீண்டும் மௌனம். உண்மையில் அக்கருவி முதன்மைப் பொறியின் மறுமொழிக்காகக் காத்திருந்தது, அவ்வளவே. ‘காத்திருக்கிறேன்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால், முந்தைய முயற்சிகளில் விழுந்த கோப்புகள் தடையாக உள்ளன போலும் என்று பொறியாளர் ஊகித்தார்; இரண்டாம் பொறியின் கோப்புறையை அழிக்க முற்பட்டார். கட்டளையை இட்டது முதன்மைப் பொறியில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது.

காப்புப் படிகள் இருக்குமே என்று வாசகர் நினைக்கலாம். நாள்தோறும் படியெடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் தரவுத்தளம் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவி 9.2 பதிப்பு. பொருந்தாததால் கருவி ஒவ்வொரு நாளும் மறுத்துக்கொண்டே இருந்தது. அம்மறுப்பு மின்னஞ்சலாக அனுப்பப்பட்டது. அனுப்பியவரின் அடையாளம் உறுதிப்படாததால் அஞ்சல் திருப்பப்பட்டது. மறுத்தவன் நேர்மையாகத்தான் மறுத்தான். கேட்பதற்கு எவரும் இல்லை. இறுதியில் நிறுவனத்தைக் காத்தது, விபத்துக்குச் சுமார் 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுக்கப்பட்ட ஒரு படி. அதனை எடுத்தவரும் அதே பொறியாளர்தாம். ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. ஐயாயிரம் அளவிலான திட்டங்களும் எழுநூறு அளவிலான புதிய பயனர் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். அந்நிறுவனம் மீட்புப் பணியை உலகம் பார்க்க நேரடியாக ஒளிபரப்பிற்று, நடந்ததை வரிவரியாக எழுதி வெளியிட்டது, கட்டளையிட்டவரைப் பலியாக்கவில்லை. ஒருவர்மீது பழியை ஏற்றிவிட்டால் மற்றவர்கள் அன்று முதல் மறைக்கக் கற்றுக்கொள்வர் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். மறைக்கும் கருவியைவிட, மறைக்கக் கற்றுக்கொடுக்கும் அலுவலகம் பன்மடங்கு தீது.

ரப்பர் மரம் வெட்டக் கற்றவர்களுக்கு இதெல்லாம் புதிதாகப் படாது. உளி சற்று ஆழமாகப் போனால் பட்டைக்குக் கீழுள்ள உயிர்த்தோல் காயப்படும். அவ்விடத்தில் பட்டை புதிதாக வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். அன்றைக்குப் பால் குறைவதில்லை, கூலியும் குறைவதில்லை. பல ஆண்டு கழித்து அதே பட்டைக்கு வெட்டு திரும்பும்போதுதான் அடுத்த தொழிலாளி, முன்னவன் எப்படிக் கற்றான் என்பதை அம்மரத்தில் படிக்கிறான். மரம் மறுப்பதில்லை. அதனால்தான் மண்டோர் பின்னால் வந்து வெட்டைப் பார்த்தார். பொறிக்கோ மரத்திற்கில்லாத ஒரு நற்பேறு வாய்த்திருக்கிறது: மறுக்கும் ஆற்றலை அதற்கு நாம் கொடுக்க முடியும்; வெட்டிப் பழகுவதற்கென்றே உயிரற்ற மரம் ஒன்றையும் செய்துகொள்ள முடியும். போலிப் பெயர்கள் நிறைந்த ஒரு தரவுத்தளத்தை வேண்டுமென்றே நான்கு முறை கெடுத்து, ஒவ்வொரு முறையும் அது என்ன சொல்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு, மீண்டும் எழுப்பிப் பார்த்த மாணவன் அடையும் தெளிவை எந்த விளக்கவுரையும் தருவதில்லை. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்று ஜோகூரில் செடெனாக்கிலும் இஸ்கந்தர் புத்ரியிலும் செம்பனை நிலங்களுக்கு அருகே மாபெரும் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. உலகின் ஏடுகள் நம் ஊருக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் வேலை வேண்டும் என்று நம் சமூகம் கேட்பது முறையே. வேலையோடு வருவது பிறர் பெயர்களின் பொறுப்பு.

இதற்கிடையே புதிய துணையொன்றும் வந்துவிட்டது. சிவப்பு எழுத்தை அப்படியே எடுத்துச் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கொடுத்தால், இன்ன கட்டளை இடு என்று அது உடனே சொல்கிறது. கேட்க ஆளில்லாத தோட்டப்புறப் பிள்ளைக்கு இது வரமே. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே விளக்கும். நான் இதனைப் பழிக்கமாட்டேன். ஆனால் அதுவும் பெரும்பாலும் ‘ஆகட்டும்’ என்று சொல்லப் பழகிய கருவி. 2025 ஜூலையில், ரெப்லிட் என்னும் நிறுவனத்தின் அத்தகைய பொறி ஒன்று, எதையும் மாற்றாதே என்று அறிவுறுத்தியிருந்தும், ஓர் அமெரிக்கத் தொழில்முனைவரின் நடைமுறைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க வழியில்லை என்றும் கூறிற்று. வழி இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அப்பொறியிடம் ‘இதை ஓட வை’ என்றும் கேட்கலாம். ‘இச்செய்தி எதனைக் குறிக்கிறது, நீ சொல்லும் கட்டளை எதையெல்லாம் அழிக்கும்’ என்றும் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பாடத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் மிகுதியாகத்தான் தோன்றும்.